தன்னை ஏற்றலும் தான் மாறலும்

ஒருவனுடைய உள்ளத்தின் நிலையை அறிய வேண்டுமாயின் யாரைக் கேட்பது? அவனையே கேட்கலாமே என்று எவரும் விடை கூறுவர். ஆனால், உளவியல் தனியோர் அறிவியலாக வளரத் தொடங்கிய காலத்தில் அவ்விடையை அறிஞர் பலர் ஏற்கவில்லை. வியன்னா நகரத்து மருத்துவராகிய சிக்மண்ட் புறொயிட், மனிதனின் செயலுக்குரிய மெய்யான காரணங்கள் அவனும் அறியாத நனவிலி மனத்திலே புதைந்து கிடக்கின்றன என்றும், பயிற்சி பெற்ற ஒருவரே அவற்றைத் தோண்டி எடுத்துப் பொருள் கூற வல்லவர் என்றும் கருதினார். அமெரிக்காவிலே 1913ஆம் ஆண்டில் நடத்தைவாதத்தைத் தொடக்கிவைத்த ஜோன் வாட்சன் வேறொரு வழியிற் சென்றார். உள்ளத்துள் நிகழ்வதைப் பற்றிய பேச்சே அறிவியலுக்கு ஒவ்வாதது என்பதும், புறத்தே காணப்படும் நடத்தையை அளந்தாற் போதும் என்பதும் அவருடைய முடிபு.

முன்னவர் கருத்துப்படி மனிதன் தன்னை அறியான். பின்னவர் கருத்துப்படி அவன் தன்னைப்பற்றி அறிந்தது எதுவாயினும் அதனால் ஆராய்ச்சிக்குப் பயனில்லை. இரு கொள்கைகளும் ஒன்றற்கொன்று பகையாயினும், மனிதனுடைய சொந்த வாக்குமூலத்தை ஒதுக்கிவைப்பதில் இரண்டும் ஒத்து நின்றன.

இவ்விரண்டுக்கும் புறம்பாக எழுந்த மூன்றாவது இயக்கமே மானிடவாத உளவியல். ஏபிரகாம் மாஸ்லோ என்னும் அறிஞர் இதனை மூன்றாம் சக்தி என்று அழைத்தார். 1961ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சஞ்சிகையொன்று வெளிவந்தது. ஒரு சங்கமும் அமைந்தது. 1964இல் கனெற்றிக்கற் மாநிலத்திலுள்ள ஓல்ட் சேபுறூக் என்னும் ஊரில் இவ்வியக்கத்தின் முன்னோடிகள் கூடி அதன் நோக்கங்களை ஆராய்ந்தனர். அவர்களுள், மனிதனுடைய சொல்லைச் செவிமடுத்தலையே ஒரு மருந்தாக்கியவரும், அம்மருந்து பயன் தருகின்றதா என்பதை அளந்து பார்க்கத் துணிந்தவருமாகிய ஒருவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். அவரே கார்ல் றொஜர்ஸ்.

றொஜர்ஸ் 1902ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8ஆம் நாள், சிக்காகோ நகரின் அயலிலுள்ள ஓக் பார்க் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய குடும்பம் சமயப் பற்றும் கட்டுப்பாடும் மிக்கது. கடும் உழைப்பே அங்கு அறமாகக் கொள்ளப்பட்டது. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பத்தினர் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே இரவிற் பறக்கும் அந்துப்பூச்சிகளை வளர்த்து அவற்றின் வாழ்க்கையைக் கவனிப்பதும், வேளாண்மை ஆய்வு நூல்களைப் படிப்பதும் சிறுவனின் பொழுதுபோக்காயின. பயிருக்கு எரு இட்டதனால் விளைச்சல் பெருகிற்றா என்று அறிய வேண்டுமாயின், எரு இடாத பாத்தியொன்றையும் பக்கத்திலே வைத்து ஒப்பிட வேண்டும் என்னும் பாடத்தை அவர் அங்கேதான் கற்றார். அப்பாடம் பின்னர் மனித உள்ளத்தை ஆராய்வதற்கும் அவருக்கு உதவிற்று.

1922ஆம் ஆண்டில் உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டுக்காக அவர் சீனாவின் பீக்கிங் நகருக்குச் சென்றார். ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்த அப்பயணத்திலே, நேர்மையாளர் பலர் பல வேறு நம்பிக்கைகளைக் கொண்டிருத்தல் கூடும் என்பதை உணர்ந்து, பெற்றோரின் கொள்கையினின்றும் வேறுபட்ட கொள்கையைத் தமதாக்கிக் கொண்டார். பின்னர் நியூயோர்க்கில் ஒரு சமயக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு அவரும் தோழர் சிலரும், ஆசிரியர் பாடம் புகட்டாத வகுப்பொன்றைத் தமக்கென வேண்டிப் பெற்றனர். தங்கள் ஐயங்களைத் தாங்களே ஆராய்ந்த அவர்களுட் பலர் சமயப் பணியைவிட்டே விலகினர். றொஜர்சும் வீதியைக் கடந்து எதிரேயிருந்த கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியிற் சேர்ந்து உளவியல் கற்றார். 1931இற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் றொச்செஸ்ரர் நகரிலே, குற்றஞ் செய்த சிறுவரையும் ஆதரவற்ற சிறுவரையும் ஆராய்ந்து வழிகாட்டும் நிலையமொன்றிற் பணியாற்றினார். தொடக்கத்தில் அவரும் ஏனையோரைப் போலவே காரணத்தைத் தாமே கண்டறிந்து, உரிய தருணத்தில் எடுத்துக் கூறித் திருத்த முயன்றவர்தாம். ஒரு தாயை எவ்வாறு வினவுதல் வேண்டும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அச்சிடப்பட்ட பேட்டியொன்றை அவர் தம் உதவியாளருக்குப் பாடமாக வைத்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து அதை மீண்டும் படித்தபோது அவர் திடுக்கிட்டார். நீதிமன்றத்திலே வழக்கறிஞர் ஒருவர் சாமர்த்தியமாகக் குறுக்கு விசாரணை செய்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது போன்றே அது அவருக்குத் தோன்றிற்று.

இம்மாற்றத்துக்குக் காரணமான நிகழ்ச்சிகளுள் ஒன்றை றொஜர்ஸ் தமது நூலிலே எழுதியுள்ளார். அடங்காப் பிள்ளை ஒருவனின் தாய் அவரிடம் வந்துபோய்க்கொண்டிருந்தார். தாய் மகனைத் தொடக்கத்திலேயே வெறுத்து ஒதுக்கியமைதான் அவனுடைய குறும்புக்கு மூலம் என்பது றொஜர்சுக்குத் தெளிவாகப் புலப்பட்டது. ஆயினும் எத்தனை முறை எடுத்துரைத்தும் அத்தாய் அதை உணரவில்லை. ஈற்றில், இருவரும் முயன்றும் பயன் விளையவில்லையாதலால் இத்துடன் நிறுத்திக் கொள்ளலாம் என்றார் றொஜர்ஸ். தாயும் இசைந்தார், கைகுலுக்கிவிட்டு வாயில்வரை நடந்தார். அங்கே நின்று திரும்பி, இந்நிலையத்தில் வளர்ந்தவர்களுக்கும் ஆலோசனை கூறுவதுண்டா என்று வினவினார். உண்டு என்றதும், அப்படியாயின் தமக்கு உதவி வேண்டும் என்று கூறி, விட்டெழுந்த நாற்காலியில் மீண்டும் அமர்ந்தார்; தம் இல்வாழ்க்கையின் துயரத்தையும், கணவருடன் ஏற்பட்ட பிணக்கையும், தாம் தோற்றுவிட்டதாகக் கொண்ட மனக்கசப்பையும் கொட்டித் தீர்த்தார். அதுகாறும் ஒழுங்காகக் கூறிவந்த மகனின் வரலாற்றுக்கும் இதற்கும் ஒற்றுமையே இல்லை. உண்மையான சிகிச்சை அன்றுதான் தொடங்கிற்று. தாய்க்கும் மகனுக்கும் அது பயனளித்தது. எது நோகின்றது, எத்திசையிற் செல்ல வேண்டும், எந்த அனுபவம் ஆழத்திற் புதைந்து கிடக்கின்றது என்பவற்றைத் துணைநாடி வந்தவரே அறிவர் என்னும் முடிபுக்கு றொஜர்ஸ் வந்தார்.

ஓர் அனுபவம் முடிபாகாது என்பதை அவரும் அறிவார். 1940இல் ஒகையோ அரசப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான பின், அவருடைய மாணவர் ஒருவர் குற்றஞ் செய்த சிறுவர் பலருடைய வரலாறுகளை ஆராய்ந்தார். பரம்பரை, உடல்நலம், அறிவாற்றல், குடும்பச் சூழல், பொருளாதார நிலை என்பனவெல்லாம் தனித்தனியே மதிப்பிடப்பட்டன. அவற்றோடு, சிறுவன் தன்னையும் தன் நிலைமையையும் எவ்வளவு தெளிவாக விளங்கிக் கொண்டுள்ளான் என்பதும் மதிப்பிடப்பட்டது. எக்கூறு பிற்கால நடத்தையை முன்னறிவிக்கின்றது என்று பார்த்தபோது, குடும்பச் சூழலே முதலிடம் பெறும் என எல்லோரும் எதிர்பார்த்தனர். ஆனால் முதலிடம் பெற்றது சிறுவன் தன்னை விளங்கிக்கொண்ட அளவேயாகும். றொஜர்ஸ் இதனை நம்பவில்லை. முடிபை ஒருபுறம் வைத்துவிட்டார். வேறொரு மாணவி வேறு சிறுவரைக் கொண்டு அவ்வாய்வைத் திரும்பச் செய்து, அதே போக்கைக் கண்ட பின்னரே அவர் ஏற்றார். 1948இல் இம்முடிபுகள் வெளியிடப்பட்டன.

ஆகவே, மனிதன் தன்னைப்பற்றிக் கொண்டுள்ள எண்ணம் வெறும் எண்ணமன்று. அது அவன் வாழ்வை நடத்தும் ஆற்றல் என்பது பெறப்பட்டது. இதனைத் தற்கருத்து என்பர். இது குழந்தையிடம் எவ்வாறு உருவாகின்றது என்பதை விளக்க, றொஜர்ஸ் 1951இல் வெளியிட்ட நூலில் எளிய உதாரணமொன்றைத் தருகின்றார். சிறுவன் ஒருவன் தன் தம்பிப் பாப்பாவை அடிக்கின்றான்; அடிப்பதில் அவனுக்கு ஒருவகை நிறைவு உண்டாகின்றது. பெற்றோர், நீ கெட்ட பிள்ளை, இப்படிச் செய்தால் உன்மேல் அன்பு இராது என்கின்றனர். பெற்றோரின் அன்பு குழந்தைக்கு உயிர்போன்றது. அதை இழக்க அஞ்சிய சிறுவன், அடிப்பதில் எனக்கு விருப்பம் உண்டு, ஆனால் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று எண்ணுவதில்லை. எனக்கே அது பிடிக்கவில்லை என்று தன்னையே நம்பவைத்துக் கொள்கின்றான். பெற்றோரின் மதிப்பீடு அவன் உள்ளத்துட் புகுந்து அவனுடைய சொந்த உணர்ச்சிபோல நடிக்கத் தொடங்குகின்றது. சினம் போய்விடவில்லை, அதற்குப் பெயர் இல்லாமற் போய்விட்டது.

அடிப்பதை அனுமதிப்பதா என்று இங்கு ஒரு வினா எழும். அனுமதிக்க வேண்டியதில்லை என்பதே றொஜர்சின் விடை. உனக்குத் தம்பிமேற் கோபம் வருகின்றது, அது எனக்கு விளங்குகின்றது. உன்மேல் எனக்குள்ள அன்பு குறையவில்லை. ஆயினும் தம்பிக்கு நோகும், ஆதலால் அடிக்க விடமாட்டேன் என்று தாய் கூறலாம். இங்கே செயல் தடுக்கப்படுகின்றது, உணர்ச்சி மறுக்கப்படவில்லை. சிறுவன் தன் கோபத்தையும் அறிகின்றான், தம்பியின் நோவையும் அறிகின்றான். இரண்டையும் எடைபோட்டுத் தன்னை ஆளக் கற்கின்றான். முன்னைய சிறுவனோ, அன்புக்கு விலையாகத் தன் உணர்ச்சியை ஒளிக்கக் கற்றான். இவ்வாறு அன்புக்கு இடப்படும் விலைகளையே மதிப்பின் நிபந்தனைகள் என்று றொஜர்ஸ் அழைத்தார்.

இந்நிபந்தனைகள் வளர்ந்த பின்னும் மனிதனை விடுவதில்லை. நான் படிப்பில் மந்தமானவன் என்று உறுதியாக நம்பும் மாணவன் ஒருவன் பரீட்சையிற் சிறந்த புள்ளிகளைப் பெற்றால், அது அதிர்ஷ்டம் என்பான். அல்லது திருத்தியவருக்கு ஒன்றுந் தெரியாது என்பான். நல்ல செய்தியைக்கூட அவன் பகையாகக் கருதுகின்றான். அவனைப் புகழ்ந்தும் பயனில்லை, கடிந்தும் பயனில்லை. தற்கருத்து ஒரு கோட்டைபோல நிற்கின்றது. வெளியிலிருந்து தாக்குவோர் அதன் மதிலை இன்னும் உயர்த்துகின்றனர்.

அவ்வாறாயின், மாற்றம் எங்கிருந்து வரும்? றொஜர்சின் சிந்தனையிலே மிகத் துணிகரமான பகுதி இதுவாகும். உயிருள்ளவை அனைத்தும் தம்மை நிலைநிறுத்தவும் வளர்க்கவும் முயல்கின்றன. மனிதனிடத்தும் அம்முயற்சி உள்ளூர இயங்குகின்றது என்றார் அவர். இக்கருத்து அவருக்கு மட்டும் உரியதன்று. முதலாம் உலகப் போரில் மூளையிற் காயமுற்ற போர்வீரர்களைப் பிராங்பேர்ட் நகரிற் பராமரித்த மருத்துவர் கேட் கோல்ட்ஸ்ரைன், சிதைந்த மூளையும் எஞ்சிய ஆற்றலைக் கொண்டு முழுமையாக இயங்க முயல்வதைக் கண்டு, தன்னை நிறைவாக்கல் என்னும் கருத்தை வகுத்தார். மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையிலே, பசி, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு ஆகிய தேவைகளுக்கு மேலாகத் தன்னிறைவை வைத்தார். றொஜர்சோ தம் இளமைக்காலத்து வீட்டின் நிலவறையை நினைவுகூர்ந்தார். குளிர்காலத்துக்கெனச் சேமித்த உருளைக்கிழங்குகள், சிறு சாளரத்துக்குப் பல அடி கீழே, இருளிலும் முளைவிட்டன. வசந்தகால மண்ணில் எழும் பச்சை முளைகள் அல்ல அவை, வெளிறி மெலிந்தவை. ஆயினும் சாளரத்தின் மங்கிய ஒளியை நோக்கி அவை இரண்டு மூன்று அடிவரை நீண்டு வளர்ந்தன. அவை ஒருபோதும் முழுச் செடிகளாகா. ஆனால் வளர்ச்சி அங்கே கைவிடப்படவுமில்லை. அரசாங்க மனநோய் விடுதிகளின் பின்கூடங்களில் வாழ்ந்த நோயாளிகளைக் காணுந்தோறும் அம்முளைகள் தம் நினைவில் எழுந்தன என்று அவர் எழுதினார்.

ஒளி எது என்பதை 1957இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் அவர் வரையறுத்தார். உதவி செய்பவரிடம் மூன்று பண்புகள் இருத்தல் வேண்டும். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாது, உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் முதலாவது. வந்தவரை எவ்வித நிபந்தனையுமின்றி மதித்து ஏற்றல் இரண்டாவது. அவருடைய உலகத்தை அவருடைய கண்கொண்டு காணும் ஒத்துணர்வு மூன்றாவது. இவை மந்திரமும் அல்ல, தந்திரமும் அல்ல. கூறியதைக் கிளிப்பிள்ளைபோலத் திருப்பிக் கூறினால் ஒத்துணர்வு என்று நினைத்தோரைக் கண்டு றொஜர்ஸ் மிக வருந்தினார். ஏற்றல் என்பது செய்ததையெல்லாம் சரியென்று ஒப்புதலும் அன்று. குற்றத்தை ஒப்புக்கொள்பவனிடம், நீ குற்றவாளியல்லன் என்று கூறுவது அவனுடைய உண்மையை மறுப்பதாகும். தண்டனைக்கு அஞ்சாமல் அவன் உண்மையைத் தன் வாயாற் கூறவும், கூறியதைத் தன் செவியாற் கேட்கவும் இடமளிப்பதே ஏற்றல். தன்னை உள்ளவாறே ஏற்கும்போதுதான் மனிதன் மாறத் தொடங்குகின்றான் என்னும் புதுமையை றொஜர்ஸ் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். ஒளிப்பதற்குச் செலவிட்ட வலிமை அப்பொழுது வளர்வதற்குக் கிடைக்கின்றது.

இவையெல்லாம் நல்லெண்ணமேயன்றி அறிவியலாகுமா எனக் கேட்டோருக்கும் அவர் விடைகூற முயன்றார். சிகிச்சை அறையின் கதவு அதுவரை மூடியே இருந்தது. உள்ளே நடந்ததை மருத்துவரின் நினைவுக் குறிப்பே வெளியிற் கூறிற்று. றொஜர்சும் மாணவரும் உரையாடல்களை ஒலித்தட்டுகளிற் பதிவு செய்தனர். 1942இல் வெளிவந்த அவருடைய நூலிலே சிகிச்சையொன்று தொடக்கமுதல் முடிவுவரை சொல்லுக்குச் சொல் அச்சாயிற்று. சிகிச்சையாளர் எங்கே தவறினார் என்பதை வாசகரும் காணலாம் என்னும் நிலை அதனால் ஏற்பட்டது.

1945 முதல் 1957 வரை சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை நிலையத்தில் அளவீடுகள் தொடர்ந்தன. நூறு சீட்டுகளில் நூறு கூற்றுகள் எழுதப்பட்டன. வந்தவர் முதலில் தாம் எவ்வாறிருக்கின்றார் என்பதற்கு ஏற்ப அவற்றை வரிசைப்படுத்தினார். பின்னர் எவ்வாறிருக்க விரும்புகின்றார் என்பதற்கு ஏற்பத் திரும்பவும் வரிசைப்படுத்தினார். இரு வரிசைகளும் முற்றாக ஒத்தால் எண் 1. தொடர்பே இல்லையெனில் எண் பூச்சியம். 1954இல் வெளியான முடிபின்படி, சிகிச்சைக்கு முன் அவ்வெண் சராசரியாகப் பூச்சியத்தை ஒட்டி நின்றது. சிகிச்சையின் பின் 0.34 ஆக உயர்ந்தது. உதவி நாடாத பொதுமக்களிடம் அது 0.58 ஆகும். சிகிச்சைக்கு அறுபது நாள்கள் காத்திருந்தோரிடம் அக்காலத்தில் மாற்றமே காணப்படவில்லை. எரு இடாத பாத்தியைப் பண்ணைச் சிறுவன் மறக்கவில்லை.

ஆனால் எல்லா விளைச்சலும் செழிக்கவில்லை. 1957இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற றொஜர்ஸ், உளப்பிளவை நோயால் மருத்துவமனையில் தங்கியிருந்தோரிடம் தம் முறையைச் சோதித்தார். சிகிச்சை பெற்ற குழுவினர், பெறாத குழுவினரைக் காட்டிலும் மொத்தத்தில் அதிகம் தேறினர் என்று கூற முடியவில்லை. ஒத்துணர்வு மிக்க சிகிச்சையாளரைப் பெற்றோர் ஓரளவு நன்மையடைந்தனர். 1967இல் இதன் முடிபுகள் மறைக்கப்படாமல் நூலாயின. கொடிய நோய்க்குச் செவிமடுத்தல் மட்டும் போதாது என்பதைப் பிற்கால மருத்துவம் தெளிவாக்கியுள்ளது.

கொள்கையளவிலும் எதிர்ப்புகள் எழுந்தன. 1956இல், நடத்தைவாதியாகிய பி. எவ். ஸ்கின்னருடன் றொஜர்ஸ் நிகழ்த்திய விவாதம் அறிவியற் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. மனிதன் எப்படியும் சூழலால் ஆளப்படுபவனே, ஆதலால் அச்சூழலை நன்கு திட்டமிட்டு அமைப்பதே நல்லது என்பது ஸ்கின்னரின் வாதம். திட்டமிடுவோர் யார், அவர்கள் எந்த இலட்சியத்துக்காக யாரை ஆள்வர் என்னும் கேள்வியை றொஜர்ஸ் விடவில்லை. 1982இல் எதிர்ப்பு அவருடைய அணிக்குள்ளிருந்தே வந்தது. மானிடவாத உளவியலாளரான றொலோ மே, மனிதனுள் இருக்கும் தீமையை றொஜர்ஸ் குறைத்து மதிப்பிடுகின்றார் என்று பகிரங்கமாக எழுதினார். தீமையைச் சூழலின்மேல் மட்டும் சுமத்தினால், அச்சூழலை ஆக்கியவர் யார் என்னும் வினா எஞ்சும். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

வேறொரு குறையும் கூறப்படுகின்றது. தன் விருப்பப்படி தன்னை அமைத்துக்கொள்ளும் தனிமனிதன் என்னும் எண்ணம் அமெரிக்க மண்ணில் இயல்பாக வளர்வது. குடும்பமும் சுற்றமும் கடமையும் பிணைந்த சமுதாயங்களிலே, தான் என்பது தனியே நிற்பதன்று. மகன், தாய், தமக்கை, அயலவன் என்னும் உறவுகளினூடேதான் அது உருப்பெறுகின்றது. இது உண்மையே. ஆயினும் உறவு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்கு அன்பின் நிபந்தனைகளும் கூர்மையாகும். ஆதலால் இத்தகைய சமுதாயங்களில் றொஜர்சின் கேள்விக்கு வேலை குறைவதில்லை, கூடுகின்றது.

1987ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆம் நாள் றொஜர்ஸ் காலமானார். இறுதி ஆண்டுகளில் அவர் பகைகொண்ட குழுவினரை ஒரே அறையில் அமர்த்தி ஒருவர் துயரத்தை ஒருவர் கேட்கச் செய்யும் பணியில் ஈடுபட்டார். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரத்துக் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் அவ்வாறு கூடிய நிகழ்ச்சி 1970களின் தொடக்கத்திற் படமாக்கப்பட்டது. அவருடைய கொள்கையின் பல பகுதிகள் இன்று திருத்தப்பட்டுள்ளன. அவர் கூறிய மூன்று பண்புகளே முற்றும் போதுமானவை என்று கொள்வோர் இன்று சிலரே. ஆனால் எம்முறைச் சிகிச்சையாயினும், உதவுபவருக்கும் உதவி பெறுபவருக்கும் இடையிலுள்ள உறவின் தரம் பயனோடு தொடர்புடையது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

உளவளத்துணை அறைக்கு வெளியிலும் இக்கொள்கைக்கு இடமுண்டு. பரீட்சையிற் தவறிய பிள்ளை வீடு திரும்பும்போது, முதலிற் கேட்கப்படுவது விளக்கமா, தீர்ப்பா என்பதைப் பொறுத்து அப்பிள்ளை அடுத்தமுறை உண்மையைக் கூறும் அல்லது ஒளிக்கும். வகுப்பறையிலும், மருத்துவமனையிலும், தொழிலிடத்திலும் நிலைமை இதுவே. கண்டிக்க வேண்டிய செயலைக் கண்டித்தல் கடமை. அச்செயலுக்காக மனிதனையே தள்ளிவிடாதிருத்தல் அதனினும் அரிய கடமை. றொச்செஸ்ரர் நிலையத்தின் வாயிலில் அத்தாய் திரும்பி நின்றபோது, நேரம் முடிந்தது என்று கூறியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். கேட்பதற்கு ஒருவர் ஆயத்தமாக இருந்தார். அதனால் ஒரு குடும்பத்தின் வாழ்வு திசைமாறிற்று.